அத்தானின் கோடுகள்

எங்க அத்தானுக்கு வாயில விரலை வெச்சாலும் கடிக்கத் தெரியாதுன்னு தெருவே சொல்லும். நம்பாதீங்க. சொந்த வீட்டு சோஃபா மெத்தையைக் கத்தரிக்கோல் போட்டுத் திருடின ஆளு அவரு. அதுவும் கட்டின பொண்டாட்டி தையல்காரியா இருக்கிற வீட்டுல. துணிச்சல்னா அதுதான்.

அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். ஆராய்ச்சி நிலையத்துல வேலை. என்ன ஆராய்ச்சின்னு யாராவது கேட்டா அக்கா தையல் மெஷினை இன்னும் வேகமா மிதிப்பா, பதில் சொல்ற பொறுப்பு என் தலையில விழும். நான் முடி வெட்டுறவ. வீட்டு முன் அறையைத் திரை போட்டு ரெண்டாப் பிரிச்சு, ஜன்னல் பக்கம் அக்கா தைக்கிறா, கண்ணாடிப் பக்கம் நான் வெட்டுறேன். மாடியில மூணு பேரும் குடியிருக்கோம். திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம், இந்தப் பக்கம் கத்தரி சத்தம், நடுவுல எங்க பேச்சு. அது ஒரு நாள் நின்னாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாற்காலியில உக்காந்தவங்க கேட்டா நான் இப்படித்தான் சொல்லுவேன். திரவப் படிகம்னு ஒண்ணு இருக்கு. தண்ணி மாதிரி ஓடவும் ஓடும், கட்டிப் பொருள் மாதிரி ஒழுங்கா அடுக்கி நிக்கவும் நிக்கும். சுத்த ரெண்டுங்கெட்டான். டிவி திரைக்குள்ள, கடிகாரத்துக்குள்ள எல்லாம் அது இருக்கு. அதை எங்க அத்தான் கண்ணாடி மேல மெல்லிசாப் பரப்பி, என்ன பண்ணுதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறாரு.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாரு."

இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது, அவரு ஒரு நாள் முடி வெட்ட வந்து உக்கார்ற வரைக்கும். மத்தவங்களை நாற்காலியில பிடிச்சு உக்கார வெச்சு நான் பேசுவேன். இவரு உக்காந்துக்கிட்டு என்னைப் பிடிச்சு வெச்சுப் பேசினாரு.

"மச்சினி, நீ இப்ப என் தலையை வாருறியே, இதேதான் என் வேலை" அப்படின்னாரு.

"உங்க தலையில வாருறதுக்கு என்ன இருக்கு?"

அதெல்லாம் அவரு காதுலயே விழாது. "கண்ணாடி மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பூச்சு பூசுவேன். அதை வெல்வெட் துணியால ஒரே திசையில தேய்ப்பேன். திரவப் படிகத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் குட்டிக் குட்டிக் குச்சிங்கன்னு வெச்சுக்க. நான் வாரி விட்ட திசையில அதுங்க அப்படியே படுத்துக்கும். ஆனா படலத்துக்கு மேல்பக்கம் வெறும் காத்து. காத்தைத் தொடுற குச்சிங்க படுக்காது, எழுந்து நிக்கும்."

"இங்க வர்றவங்களுக்கும் உச்சியில ஒரு கொத்து அப்படித்தான் நிக்குது."

"அதேதான். கீழ படுக்கணும், மேல நிக்கணும். நடுவுல மாட்டினதுங்க கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கொடுத்து சமாளிச்சுக்கும். படலம் ரொம்ப மெல்லிசாப் போனா வளையறதுக்கு இடம் பத்தாது. அப்ப என்ன பண்ணும் சொல்லு?"

"சண்டை போட்டுக்கும்."

"கோடு போட்டுக்கும்" அப்படின்னு சொல்லிட்டு, கண்ணாடியில என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி அவரு முகத்துல பாத்ததே இல்ல. கல்யாணத்தன்னிக்குக் கூட இல்ல. பக்கத்துல இருந்தவ நான்தான், எனக்குத் தெரியாதா.

விஷயம் என்னன்னா, புத்தகக் கணக்குப்படி அந்தக் கோடுங்க படலம் மெல்லிசுக்கும் மெல்லிசா இருந்தாத்தான் வரணும். இவரு படலத்துல அதை விடப் பல மடங்கு தடிமன்லயும் வந்துது. வளைஞ்சு கொடுக்க இடம் தாராளமா இருந்தும் குச்சிங்க வளையாம, வரிசை வரிசையா கோடு போட்டு நின்னுதாம். ஒரு தடவை இல்ல, பரப்பின ஒவ்வொரு தடவையும். எங்க அத்தானுக்குத் தலைகால் புரியல. இது இதுவரைக்கும் யாரும் பாக்காத ஒரு நிலைகுலைவு, இதுக்குப் புதுக் கணக்கே எழுதணும்னு எழுத உக்காந்துட்டாரு. சாப்பாட்டு மேஜையில கோடு, படியேறும்போது கோடு. அக்கா ஒரு நாள் கோடு போட்ட சட்டை ஒண்ணைத் தெச்சு அவரு முன்னால வெச்சா. கிண்டல்னு புரியாம மனுஷன் அதையே ஒரு வாரம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவரு வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வருஷக் கடைசி வந்தாலே எங்க வீட்டுல யாரும் சத்தமாப் பேச மாட்டோம். அந்த வருஷம் ஆய்வுக்கூடத்துல நிரந்தர இடம் ஒண்ணு காலியாச்சு. அவரோட தலைவி, நாங்க மேடம்னு சொல்ற அம்மா, இவரைக் கூப்பிட்டு நேராவே சொல்லிட்டாங்க. ஆள் எடுக்கிற தேர்வுக் குழு வருது, உங்க கோட்டைக் கண்ணால பாக்கணும்னு கேக்குது, காட்டிட்டா இடம் உங்களுக்கு, காட்டாட்டி இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுது, என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு.

முடிஞ்சா என்ன ஆகும்னு எங்க மூணு பேருக்கும் தெரியும். எங்கேயோ தூரத்துல திரைக் கண்ணாடி செய்யற தொழிற்சாலை ஒண்ணு அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துது. அங்க போகணும். அக்காவும் போகணும். "போனாப் போறோம், மெஷினை எங்க வெச்சாலும் ஓடும்"னு அக்கா வாய் சொல்லுச்சு. ஆனா அன்னைக்கு அவ அந்தத் திரையை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு, அவிழாத கொக்கியை அவிழ்ந்த மாதிரி சரி பண்ணினா.

சரி, கோடுதான் தினமும் வருதே, காட்டிட்டா முடிஞ்சுதுன்னு இருந்தோம். அங்கதான் எங்க குடும்ப ராசி வேலை செஞ்சுது. கோடு நின்னு போச்சு.

ஒரே நாள்ல இல்ல. முதல்ல மங்கலா வந்துதாம், அப்புறம் ஓரத்துல மட்டும் வந்துதாம், அப்புறம் சுத்தமா வரவே இல்ல. படலம் நல்ல பிள்ளை மாதிரி புத்தகத்துல சொன்னபடி நடந்துக்கிச்சு. அத்தான் பேயறைஞ்சவர் மாதிரி வந்து உக்காந்தாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க சந்தேகம். கண்ணாடியைச் சந்தேகப்பட்டாரு, புதுக் கண்ணாடி வந்துது. திரவத்தைச் சந்தேகப்பட்டாரு, புதுப் பாட்டில் உடைச்சாங்க. லிஃப்ட் ஏறி இறங்குற அதிர்வுன்னு சொல்லி, அது ஓடாத நேரமாப் பாத்துப் படலம் பரப்பினாரு. அறைச் சூடு, ஈரப்பதம், தரை துடைக்கிற தண்ணி. தன் மூச்சுக் காத்து படுதோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பரப்பப் போயி தலைசுத்தி உக்காந்துட்டாருன்னு மேடமே போன் பண்ணிச் சொன்னாங்க. கடைசியில ஒரு நாள் காலையில வேலைக்குக் கிளம்பினவரு, என் கடை வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சிட்டு, "மச்சினி, நீ அடிக்கிற ஸ்ப்ரே என் சட்டையில ஒட்டி அங்க வருதோன்னு ஒரு சந்தேகம்" அப்படின்னாரு.

எனக்கு வந்துதே கோவம். "ஆமா, ஊர்ல மழை பெய்யலேன்னாலும் நான்தான் காரணம்" அப்படின்னேன். நாற்காலியில இருந்த அம்மா பாதி வெட்டின தலையோட சிரிச்சாங்க. அன்னையில இருந்து அத்தான் பின்வாசல் வழியாப் போய் வர ஆரம்பிச்சாரு, குப்பைத் தொட்டிங்களுக்கு நடுவுல. நான் ஒவ்வொரு நாளும் பின்பக்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "பத்திரமாப் போங்க, குப்பை வாசம் படலத்துல ஏறிடப் போகுது"ன்னு சொல்லி அனுப்பி வெப்பேன். என் ஆத்திரம் எனக்கு.

இதுக்கு நடுவுல அக்காவும் ஒரு மாதிரியாத்தான் இருந்தா. மேடையில பாடுற அம்மா ஒருத்தங்க சாட்டின் கவுன் ஒண்ணு தைக்கக் கொடுத்திருந்தாங்க. தண்ணி மாதிரி வழியற துணி. சாட்டின்னா எங்க அக்காவுக்கு உசுரு, கூலி இல்லாமலே தைப்பா. அதை மடிச்சு, "எனக்கு நேரமில்ல"ன்னு திருப்பிக் கொடுத்துட்டா. அப்புறம் நாள் முழுக்க முரட்டுத் துணியில திரைச்சீலை அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கையைப் பாத்தேன், சொரசொரன்னு வெடிச்சுக் கிடந்துது. என்னடி இதுன்னு கேட்டதுக்கு, குளிர்னு சொல்லிட்டுக் களிம்பைத் தடவிக்கிட்டா. குளிர் காலம்தான், நானும் நம்பிட்டேன். ஊரை விட்டுப் போகணுமேன்னு கவலையில இருக்கா, அதான் புது வேலை எதையும் பிடிக்கலேன்னு நெனச்சேன்.

குழு வர்ற நாள் நெருங்கிடுச்சு. அன்னைக்கு மத்தியானம் ஆள் இல்லேன்னு டீ போட மாடிக்குப் போனேன். இந்நேரத்துக்கு ஆய்வுக்கூடத்துல இருக்க வேண்டிய மனுஷன் சோஃபாவுக்கு முன்னால மண்டி போட்டு உக்காந்திருக்காரு. மெத்தை மடியில. ஜிப்பைத் திறந்து உறையோட உள்பக்கத்தை வெளிய இழுத்து வெச்சிருக்காரு. கையில அக்காவோட நல்ல கத்தரிக்கோல், துணி வெட்ட மட்டும்னு எங்களைத் தொடவே விடமாட்டாளே, அது.

நான் கத்தல. படியில நின்னு, "அக்கா, கொஞ்சம் மேல வாயேன், ஒரு வேடிக்கை"ன்னு மட்டும் சொன்னேன்.

அக்கா வந்தா. கையும் களவுமாப் பிடிச்சா. அவரு திருதிருன்னு முழிச்சாரு. அக்கா மத்த மெத்தைங்களை ஒவ்வொண்ணா எடுத்து ஜிப்பைத் திறந்தா. எல்லா உறையிலயும் உள்மடிப்புல சதுரம் சதுரமா ஜன்னல். தையல்காரி வீட்டுல, அவ கையால தெச்ச வெல்வெட் உறையில.

"இது என்னங்க?"

"ஆய்வுக்கூடத்துல வெல்வெட் தீர்ந்து போச்சு. கேட்டது வந்து சேரல. ஒரே ஒரு துண்டுதான்னு எடுத்தேன். அதுல தேய்ச்சப்பத்தான் முதல் கோடு வந்துது. துணி தேய்ஞ்சதும் இன்னொண்ணு எடுத்தேன். வெளிய தெரியாத இடமாப் பாத்துத்தான் வெட்டினேன்" அப்படின்னாரு, அது என்னமோ பெரிய நாகரிகம் மாதிரி.

"கேட்டிருந்தா வெல்வெட்டு முழம் முழமா வெட்டிக் கொடுத்திருப்பேனே."

"நீ வேலையா இருந்த."

அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. அப்புறம் என்ன தோணுச்சோ, சிரிச்சுட்டா. அவ சிரிச்சதும் எனக்கும் சிரிப்பு. அத்தான் மட்டும் சிரிக்கல. அவரு மடியில இருந்த மெத்தையை மூக்குல வெச்சு முகர்ந்துக்கிட்டு இருந்தாரு. அதைக் கீழ வெச்சுட்டு அலமாரிக்குப் போயி, விருந்தாளிக்குன்னு அக்கா எடுத்து வெச்சிருந்த பழைய மெத்தையை இழுத்து அதையும் முகர்ந்தாரு.

"இதுல பூ வாசனை வருது. அதுல வரலியே."

"அது முன்னாடி துவைச்சது. நான் இப்ப நீலத் தண்ணி ஊத்துறதில்ல" அப்படின்னா அக்கா.

நீலத் தண்ணின்னா, துணி துவைச்ச பிறகு கடைசித் தண்ணியில ஒரு மூடி ஊத்துவாங்களே, துணி பூ மாதிரி மெத்துன்னு வாசனையா இருக்கிறதுக்கு, அதுதான். அத்தான் மெதுவாத் திரும்பினாரு.

"எப்ப நிறுத்தின?"

"இந்தக் குளிருக்கு முன்னாடி. சாயங்காலம் ஆனா இந்த மெத்தையிலதானே கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு உக்காருவீங்க. கழுத்தெல்லாம் சிவந்து அரிப்பு எடுத்து, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கி வெச்சிருந்தீங்க. மருந்துக் கடைக்காரர் நீலத் தண்ணியும் வேண்டாம், துவைக்கிற பவுடரும் வேண்டாம், வெறும் கட்டி சோப்புல கையால துவைச்சுப் பாருங்கன்னு சொன்னாரு. துவைச்சேன். அரிப்பு போயிடுச்சா இல்லியா?"

அத்தான் கழுத்தைத் தடவிப் பாத்தாரு. சத்தியமாச் சொல்றேன், அப்பத்தான் தடவிப் பாத்தாரு. அது போனதே அவருக்குத் தெரியாது.

ரெண்டு மெத்தையையும் ரெண்டு கக்கத்துல இடுக்கிக்கிட்டு முன்வாசல் வழியாவே ஓடினாரு. என் ஸ்ப்ரேக்கு விடுதலை கிடைச்ச நாள் அது.

சாயங்காலம் திரும்பி வந்தப்ப அவரு முகத்தைப் பாத்துட்டு நாங்க எதுவும் கேக்கல. அவராச் சொன்னாரு. பூ வாசனை மெத்தையில வெட்டின துண்டால தேய்ச்சாக் கோடு வருது. சோப்புல துவைச்ச துண்டால தேய்ச்சா வரல. நீலத் தண்ணியில இருக்கிற பசை துணியில ஒட்டி, துணியில இருந்து கண்ணாடிக்கு வந்திருக்கு. நூலை வழுவழுன்னு ஆக்குற அதே பசை, கண்ணாடியோட பிடியையும் தளர்த்திடுது. குச்சிங்களைக் கீழ படுக்க வைக்கிற பிடி தளர்ந்ததும், அதுங்க படுக்கவும் முடியாம எழுந்திருக்கவும் முடியாம தவிக்குது. அந்தத் தவிப்புதான் அவ்வளவு தடிமன்லயும் கோடா வந்திருக்கு.

"புதுக் கணக்கு ஒண்ணும் தேவையில்ல. பழைய கணக்குலயே பிடியைத் தளர்த்திப் போட்டா சரியா வருது. நான்தான் பிடி இறுக்கமா இருக்குன்னு நம்பிட்டு இருந்தேன்" அப்படின்னாரு.

எனக்குப் புரிஞ்சுது ஒண்ணுதான். "கோடு வருதில்ல? அப்புறம் என்ன? நீலத் தண்ணி ஊத்துறோம், துண்டு வெட்டுறோம், காட்டுறீங்க, இடத்தை வாங்குறீங்க. துணி எந்தத் தண்ணியில ஊறினதுன்னு எவன் கேக்கப் போறான்?"

அத்தான் அக்காவைப் பாத்தாரு. அக்கா ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தா. "உங்களுக்கு எது தோணுதோ அதைச் செய்ங்க. உறையை மட்டும் நான் துவைச்சுத் தர்றேன்" அப்படின்னா. அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஒரு உறையை நீலத் தண்ணியிலயும் ஒண்ணைச் சோப்புலயும் அலசிக் காயப்போட்டா. எனக்கு அவ மேலயும் கோவம்தான். இந்த வீட்டுல வாய்விட்டுப் பேசறவ நான் ஒருத்திதான் போல.

குழு வர்ற அன்னைக்கு அத்தான் சலவைச் சட்டை, பளபளன்னு ஷூ, எல்லாம் போட்டுக்கிட்டு, வெட்டின துண்டுங்களையும் எடுத்துக்கிட்டு, கூடவே கொண்டு போக எடுத்து வெச்ச மெத்தையை மட்டும் மறந்துட்டுப் போயிட்டாரு. கடையைச் சாத்திட்டு நான்தான் பின்னாலயே தூக்கிக்கிட்டு ஓடினேன். கொடுத்துட்டுத் திரும்பலாம்னா, அறைக்குள்ள எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. கதவுப் பக்கம் போக அவங்களைத் தாண்டணும். ஒரு மூலையில முக்காலி கிடந்துது. மெத்தையை மடியில வெச்சுக்கிட்டு அதுல உக்காந்துட்டேன். யாரும் என்னை யாருன்னு கேக்கல. கையில மெத்தையோட வந்தவ ஏதோ முக்கியமான ஆளாத்தான் இருப்பான்னு விட்டுட்டாங்க.

நரைச்ச முடி அம்மா ஒருத்தங்கதான் குழுவுக்குத் தலைமை. நல்ல அடர்த்தியான முடி, ஆனா வெட்டினவன் சரியா வெட்டல. கூட ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. மேடம் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. அத்தான் அவங்க கண்ணு முன்னாலயே கண்ணாடித் துண்டை எடுத்து, வெல்வெட்டால ஒரே திசையில தேய்ச்சாரு. வீட்டுல ஒரு டம்ளரைக் கூடக் கீழ போடாமப் பிடிக்கத் தெரியாத கை, அங்க என்ன நிதானமா வேலை செஞ்சுது தெரியுமா. ஒரு சொட்டு வெச்சுப் பரப்பினாரு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சாரு. சுவத்துல இருந்த பெரிய திரையில படம் வந்துது.

முதல்ல வெறும் மங்கல் வெளிச்சம். அப்புறம் ஒரு ஓரத்துல இருந்து, யாரோ கண்ணுக்குத் தெரியாத சீப்பால வாருற மாதிரி, கோடுங்க வந்துது. ஒண்ணு பின்னால ஒண்ணா, ஒரே இடைவெளியில, கருப்பும் பொன்னும் ஊதாவுமா. யாரும் வரையல. அதுவாவே வந்துது. எத்தனையோ நாள் கோடு கோடுன்னு இந்த மனுஷனைக் கிண்டல் பண்ணியிருக்கேன், ஒரு தடவை கூட வந்து பாத்ததில்ல. அவ்வளவு அழகா இருந்துது.

மூக்குக் கண்ணாடிக்காரர் துடைக்கிறதை நிறுத்திட்டாரு. மேடம் முகத்துல நிம்மதி. வேலை முடிஞ்சுது, இதோட வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும். நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "இப்ப அதே மாதிரி இன்னொரு கண்ணாடி" அப்படின்னாரு. சோப்புல துவைச்ச துண்டை எடுத்தாரு. தேய்ச்சாரு, பரப்பினாரு, திரையில வெறும் மங்கல் வெளிச்சம். கோடு வரல. "முதல் துணியில, துவைச்ச பிறகு ஊத்துற வாசனைத் தண்ணி இருந்துது. அது கண்ணாடியோட பிடியைத் தளர்த்திடுது. நான் புது நிலைகுலைவுன்னு எழுதினது தப்பு. எங்க வீட்டு சோஃபா மெத்தையில இருந்து வந்தது அது."

மடியில இருந்த மெத்தையை அவரு தலையைப் பாத்து வீசணும்னு இருந்துது. அதுக்குள்ள நரைச்ச முடி அம்மா என் பக்கம் கையை நீட்டினாங்க. கொடுத்தேன். முகர்ந்து பாத்தாங்க.

"நல்ல வாசனை" அப்படின்னாங்க. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கோடு நின்னு போச்சுங்க. என் மனைவி அந்தத் தண்ணியை ஊத்துறதை நிறுத்தியிருந்தாங்க."

"வீட்டுல மாத்தினது உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியலங்க" அப்படின்னாரு. வெறும் திரையைத் திரும்பிப் பாத்துட்டு, "படலத்துக்குத் தெரிஞ்சிருக்கு" அப்படின்னாரு.

யாரும் சிரிக்கல. அந்த அம்மா மெத்தையை மடியிலயே வெச்சுக்கிட்டு, "அப்ப இனிமே என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டாங்க.

"எவ்வளவு ஊத்தினாப் பிடி எவ்வளவு தளரும், எந்தத் தடிமன்ல கோடு வரும்னு அளக்கணுங்க. இதுவரைக்கும் கோடு தானா வந்துது. இனிமே வேணுங்கிற இடத்துல வர வைக்கலாம்" அப்படின்னாரு. அதைச் சொல்லும்போது, அன்னைக்கு என் கடைக் கண்ணாடியில பாத்தேனே, அந்தச் சிரிப்பு லேசா வந்துட்டுப் போச்சு.

எங்களை வெளிய நிக்கச் சொன்னாங்க. நடையில ஆளுக்கொரு சுவரைப் பாத்துக்கிட்டு நின்னோம். மேடம் வெளிய வந்து, "இடம் உங்களுக்குத்தான். மெத்தையை வாங்கிட்டுப் போங்க" அப்படின்னாங்க. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. அத்தான் தலையை ஆட்டினாரு, பஸ் எத்தனை மணிக்குன்னு சொன்னா ஆட்டுற மாதிரி.

பஸ்ல வரும்போது நான் பேசிக்கிட்டே வந்தேன். அவரு மெத்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாரு. ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "மச்சினி, அவங்க கேட்டாங்க பாத்தியா, வீட்டுல மாத்தினது தெரியலியான்னு" அப்படின்னாரு. அப்புறம் மறுபடியும் ஜன்னல்.

வீட்டுக்கு வந்தோம். அக்கா மெஷினை நிறுத்தல, ஆனா தையல் கோணலாப் போறது எனக்கே தெரிஞ்சுது. முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்னு நிமிந்தா. இவரு முகத்துல எதுதான் தெரிஞ்சிருக்கு. நேராப் போயி மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்தாரு.

"கையைக் காட்டு" அப்படின்னாரு.

"என்னங்க ஆச்சு? வேலை..."

"காட்டும்மா."

அவ கையை எடுத்து மெஷின் விளக்குக்குக் கீழ கொண்டு வந்தாரு. ஆய்வுக்கூடத்துல கண்ணாடித் துண்டை எப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தாரோ, அதே மாதிரி வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தாரு. விரல் நுனியெல்லாம் வெடிச்சு, கோடு கோடாக் கிழிஞ்சு கிடந்துது. சிலது ஆறினது, சிலது புதுசு. அந்தக் கையில சாட்டினைத் தொட்டா இழை இழையாப் பிடிச்சு இழுத்துடும். அதனாலதான் கவுனைத் திருப்பிக் கொடுத்தாள்னு எனக்கும் அப்பத்தான் உறைச்சுது. பக்கத்துத் திரைக்குப் பின்னால இருந்துக்கிட்டு நானும் குளிர்னு நம்பியிருக்கேன்.

"எப்பல இருந்து இப்படி?"

அக்கா கையை இழுத்துக்கப் பாத்தா. அவரு விடல.

"உங்க கோடு நின்னதுல இருந்து" அப்படின்னா.

அத்தான் அவ உள்ளங்கையை அப்படியே தன் கழுத்துல, அந்த அரிப்பு இருந்த இடத்துல வெச்சுக்கிட்டாரு. சொரசொரப்பு குத்தியிருக்கும். வெச்சுக்கிட்டே இருந்தாரு. நான் என் பக்கம் வந்து திரையை இழுத்து விட்டுக்கிட்டேன். எனக்கு வேற வேலை இல்லியா என்ன.

கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா குரல் கேட்டுது. "வேலை என்னங்க ஆச்சு?"

"அதுவா? அது கிடைச்சுடுச்சு."

இப்ப துணியெல்லாம் அவருதான் துவைக்கிறாரு. ஆய்வுக்கூடத்துல போடுற கையுறையை மாட்டிக்கிட்டு, மெத்தை உறையை ஒரே திசையில தேய்க்கிறாரு. குறுக்கத் தேய்ச்சாத்தான் அழுக்குப் போகும்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்குற ஆள் இல்ல. அந்தப் பாடுற அம்மா கவுனைத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போயிருக்காங்க. அது அக்காவோட மெஷின் மேல மடிச்சு வெச்சிருக்கு, கை ஆறட்டும்னு.